மாந்தை மண்ணும் பதிவேட்டின் ஒரு வரியும்

மன்னார்க் கரையிலுள்ள நறுவிலிக்குளத்துக்கு வடக்கே பழந்துறைமுகமான மாந்தை, தெற்கே அரிப்பு, கிழக்கே கட்டுக்கரைக்குளம். இந்த நிலத்தின் துறைமுகப் பெருமையையும் முத்துக்குளிப்பையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பழமை எவர் கைகள் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. மண் அள்ளிய பையின்மேல் இலக்கம் எழுதியவர், பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தவர், பெட்டிக்குள் சீட்டு வைத்தவர் ஆகியோருடைய வேலை இல்லாமல் மாந்தை இன்று வெறும் மேடாகவே இருந்திருக்கும். நூதனசாலைப் பணியாளருக்குக் கணினித் திறன் வேண்டும் என்ற இன்றைய பேச்சை இந்தத் தொழிலின் வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பதிவு செய்யும் பழைய தொழிலின் இன்றைய வடிவம் அது. அத்தொழில் தளர்ந்த இடங்களில் என்ன நடந்தது, நிமிர்ந்து நின்ற இடங்களில் என்ன கிடைத்தது என்பதற்கு மன்னார்க் கரையே சான்று சொல்லும்.

மன்னாரில் உதவி அரசாங்க அதிபராக இருந்த டபிள்யூ. ஜே. எஸ். போக், மாந்தை மேட்டைப் பற்றி 1887இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். 1920களில் தொல்லியல் ஆணையாளர் ஏ. எம். ஹோகார்ட் அங்கே அகழ்ந்தார். 1950 அளவில் எஸ். சண்முகநாதன் மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரச் சூழலைத் தோண்டினார். 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தொடங்கிய பெரிய அகழாய்வு உள்நாட்டுப் போரால் 1984இல் நின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். இடையில் போனது ஏறத்தாழ முப்பது ஆண்டு. எந்தக் குழியில் எத்தனையாவது மண் படையில் எந்த ஓடு கிடந்தது என்பதை அத்தனை காலம் எவர் மனதிலும் வைத்திருக்க முடியாது. அந்நூல் எழுதப்பட முடிந்ததற்குக் காரணம் குறிப்பேடுகளும் வரைபடங்களும்தான். ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு தலைமுறை ஆய்வாளர்கள் ஒரே மேட்டில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் எழுதியவை நான்கு இடங்களில், நான்கு முறைகளில் கிடக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க விரும்பும், அயலூரான நானாட்டானின் மாணவர் ஒருவர் எங்கே தொடங்குவார்?

பதிவின் பெறுமதியை ஒரு கிராம்பு மொட்டு எவரையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. போருக்குப் பின் 2009-10இல் மாந்தையில் மறுபடி அகழ்ந்தபோது மண் மாதிரிகளை நீரில் கரைத்து, மிதந்த கரிந்த விதைகளைச் சேகரித்தார்கள். நெல்லும் மிளகும் கோதுமையும் கிடைத்தன. அவற்றோடு ஒரே ஒரு கிராம்பும் வந்தது. பொ. ஆ. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதாக அதைக் கணித்து, ஆசியாவில் அகழாய்வில் கிடைத்த மிகப் பழைய கிராம்பு என்று 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் விளைந்த மொட்டு, கடல் தாண்டி மன்னாருக்கு வந்த வணிகத்தின் நேரடித் தடயம் அது. கண்ணுக்கோ அது கரிந்த ஒரு துரும்பு. மண் எடுத்த இடத்தையும் படையையும் சொல்லும் இலக்கம் பையிலிருந்து கழன்றிருந்தால், அந்தத் துரும்பு வரலாற்றுக்கு எந்தச் சாட்சியமும் தந்திருக்காது. பொருளை இடத்தோடு பிணைக்கும் அந்த ஒரு வரியை எழுதுகிறவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர், சிறிய சம்பளத்தில் வேலை செய்யும் ஊழியர்.

கடலிலும் இதே கதைதான். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்கள் ஏன் திடீரென்று வெறுமையாகின்றன என்று அறிய 1902இல் வில்லியம் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னெலும் வந்தார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக ரோயல் சொசைட்டி அவர்களுடைய அறிக்கையை வெளியிட்டது. செவல் பார் போன்ற ஒவ்வொரு பாரையும் அதில் தனித்தனியே விவரித்தார்கள். 1905இல் எட்டுக் கோடி அளவில் சிப்பி எடுக்கப்பட்டது. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகின. 1907க்குப் பின் விளைச்சல் வீழ்ந்தது. வீழ்ச்சியைப் படிக்க இன்று நம்மிடம் இருப்பது, எந்தப் பாரிலிருந்து எடுத்தது என்று அன்று பொறித்து வைத்த பதிவுகள்தான்.

நூதனசாலைப் பணியாளருக்குக் கணினித் திறன் வேண்டும் என்றால் முதல் மறுப்பு உடனே வரும்: உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், கூரை ஒழுகும் இடங்களில் கணினிப் பயிற்சி எதற்கு, முதலில் கட்டடத்தைப் பாருங்கள் என்பார்கள். கூரை அவசியம்தான். ஆனால் கட்டடமே போய்விடும் நாட்டில் இருக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிரதி இல்லாத ஏடு எரிந்தால் மீட்க வழியே இல்லை. அந்த இழப்பின் நிழலில் வளர்ந்த தலைமுறைதான் 2005இல் நூல்களைக் கணினியில் பாதுகாக்கும் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கியது. பிறகு பிரித்தானிய நூலகத்தின் துணையோடு வடக்கில் வீடுகளிலிருந்த ஓலைச்சுவடிகளையும் படமெடுத்தார்கள். அதைச் சாதித்தது ஓலையைத் தொடவும், ஒளி அமைக்கவும், கோப்புக்குப் பெயரிடவும் பழகிய கைகள். ஸ்கேனர் வாங்குவது ஒரு நாள் வேலை; அந்தக் கைகளைப் பழக்க ஆண்டுகள் பிடிக்கும்.

கணினிப் பதிவும் அழியும் என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். தேடினாலும் எதுவும் அகப்படாது. காகிதப் பதிவேட்டைப் பூஞ்சணம் தின்ன அரை நூற்றாண்டு ஆகலாம், இதற்கு ஒரு கணினியை மாற்றினாலே போதும். அப்படியானால் யூனிகோடுக்கு மாற்றுவது, பிரதியை வேறு ஊரிலும் வைப்பது, அது திறக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பது எல்லாம் ஒருவருடைய அன்றாடக் கடமையாக வேண்டும். கருவியை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள் தோற்பது இந்தக் கடமைக்கு ஆள் வைக்காததால்தான்.

இந்தப் பதிவு வேலையைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் நிபுணர் விரைவாகச் செய்துவிட மாட்டாரா? படமெடுப்பதைச் செய்வார். ஆனால் போக் தன் கட்டுரைத் தலைப்பிலேயே மாந்தை என்ற ஒரே இடத்துக்கு நான்கு பெயர் கொடுத்தார்: திருக்கேதீச்சரம், மகாதீர்த்தம், மாதோட்டம், மாந்தோட்டை. பாளி நூல்களில் மகாதித்த. இவை எல்லாம் ஒன்றே என்று பட்டியலில் இணைக்காதவரை, ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்றப் பெயர்களில் உள்ளவை கிடைக்கா. வயல், குளம், பார் என்று நுணுகிப் போகப் போக, ஊர்க்காரர் மட்டுமே அறிந்த பெயர்கள் பெருகுகின்றன. நானாட்டானிலும் வங்காலையிலும் வளர்ந்த ஒருவர் மூன்று மொழியிலும் பதிவு எழுதப் பழகினால் அவர் எழுதும் பட்டியலின் தரம் வேறாகத்தான் இருக்கும்.

கடைசி மறுப்பு கனமானது. பொருளை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு, இதோ உங்கள் பங்கு என்று சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம் அது. அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. படம் பொருளுக்கு ஈடாகாது. ஆனால் என்னென்ன போயின, எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் கையில் இல்லாத ஊர் எதையும் திருப்பிக் கேட்கவும் முடியாது. 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கட்டுக்கரைக்குளப் பகுதியில் அகழத் தொடங்கியபோது சுடுமண் உருவங்கள் கிடைத்தன. அவற்றின் பதிவையும், கார்ஸ்வெல்லின் நூலில் உள்ள மாந்தைப் பட்டியலையும், போக்கின் 1887ஆம் ஆண்டுக் கட்டுரையையும் ஒரே தேடலில் அகப்படும்படி இணைப்பது இம்மாவட்டத்தில் பயிற்சி பெறும் முதல் பணியாளரின் முதல் வேலையாக இருக்கலாம். அதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. இடப்பெயர், குழி, படை, ஆண்டு, இன்று பொருள் இருக்கும் இடம் என்று ஐந்து நிரல் கொண்ட ஒரு யூனிகோட் அட்டவணையும், அதை நிரப்ப மாதச் சம்பளத்தோடு ஒரு நிரந்தர நியமனமும் போதும்.