இரண்டு வெள்ளைகளுக்கு இடையே எவ்வளவு தொலைவு?

பெயிண்ட் கடையில் வண்ண அட்டையைப் பிரித்துப் பாருங்கள். தந்த நிறம், சந்தன நிறம், இளம் பழுப்பான பீஜ் என ஒன்றையொன்று ஒத்த நிறங்கள் எத்தனை! அவற்றுள் இரண்டு எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை எண்ணால் கூற இயலுமா? இதற்கு விடைகாண ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

1824-இல் ஷெவ்ரல் என்ற வேதியியலறிஞர், பாரிஸில் சித்திரத் திரைகள் நெய்யும் கோபெலின்ஸ் ஆலையின் சாயப் பிரிவுக்கு இயக்குநரானார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்றொரு புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறங்களே கறுப்பை மாற்றிக் காட்டின. 1839-இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். நீங்களும் சோதிக்கலாம். தனியே வெள்ளையாகத் தோன்றும் அட்டையை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். மறைந்திருந்த மஞ்சள் சாயல் வெளிப்படும்.

கண் இப்படி ஏமாறுமானால் நிறத்தை அளப்பது எப்படி? இங்கிலாந்தில் ரைட் 10 பேரையும் கில்ட் 7 பேரையும் கொண்டு, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து பிற நிறங்களோடு பொருத்தச் செய்தனர். அந்த 17 பேரின் பார்வையே 1931-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு நிற அளவைக்கு அடிப்படையாயிற்று.

ஆயினும் அந்த அளவையில் சமமான தொலைவுகள் கண்ணுக்குச் சமமான வேறுபாடுகளாகத் தோன்றவில்லை. அமெரிக்காவில் கோடாக் நிறுவன ஆய்வாளர் மெக்காடம் சுமார் 25,000 பொருத்தங்களைச் செய்வித்து, 1942-இல் இதை மெய்ப்பித்தார்.

இக்குறையைக் குறைக்க 1976-இல் எல், ஏ, பி என்னும் மூன்று அளவுகள் பரிந்துரைக்கப்பட்டன. எல் வெளிர்மையையும், ஏ சிவப்பு-பச்சைச் சாயலையும், பி மஞ்சள்-நீலச் சாயலையும் குறிக்கும். ஒரு மங்கிய வெள்ளை 92, 0, 6 என்றும், ஒரு பீஜ் 90, 1, 8 என்றும் கொள்வோம். வேறுபாடுகள் 2, 1, 2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 9. அதன் வர்க்கமூலம் 3. இதுவே இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு! அருகருகே வைத்தால் ஏறத்தாழ 1 அலகு வேறுபாட்டையே கூரிய கண் உணர்ந்துவிடும். 3 நன்றாகவே தெரியும்.

ஆனால் இந்த எண் ஒரு குறிப்பிட்ட ஒளிக்கு மட்டுமே உரியது. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு பூச்சுகள் பகலில் ஒன்றுபோலிருந்து விளக்கொளியில் வேறுபடலாம். ஆகவே இரண்டையும் ஒட்டிவைத்துப் பகலிலும் இரவிலும் பார்த்தபின் தேர்ந்தெடுங்கள். கருவி தரும் எண்ணுக்குப் பின்னாலும் நிற்பவை மனிதக் கண்களே அல்லவா?