கலாய்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய ஒருவர், ‘கலாய்’ என்பது ‘கலம்’ ஈன்ற தூய தமிழ்ச்சொல் என்றார். கலத்தை ஆய்ந்து தூய்மை செய்வது கலாய். பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல ஆளைத் தேய்ப்பதால் இளைஞர் வாயில் ‘கலாய்த்தல்’ வந்தது என்றும் முடித்தார். கைதட்டல் எழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே மூச்சில் இரண்டு சொற்களின் வரலாற்றைக் கெடுத்துவிட்டார்.

எளியதை முதலில் பார்த்துவிடுவோம். கலாய்த்தல் பழைய வினை. கலகம், கலாம், கலக்கம், கலங்கல் எல்லாம் ஒரு குடும்பம். கலாம் என்றால் பூசல். கலாய்த்தல் பூசலிடுதல், சினத்தல். பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இதைக் கலங்குதலோடுதான் சேர்த்து வைத்திருக்கிறது. துருக்கியில் வெள்ளீயத்துக்குக் ‘கலாய்’ என்றே பெயர். அங்கே ‘கலாய் பூசுவது’ என்றால் ஒருவரைத் திட்டுவது என்றும் கொச்சையில் பொருள் உண்டு. இதைக் காட்டி வாதாடுவோரும் வரக்கூடும். சினப்பொருளில் நமக்குச் சொந்த வினை இருக்கையில் துருக்கிக் கொச்சையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கேலிக் கலாய்த்தல் தமிழ். பாத்திரக் கலாய் வேறு. இரண்டுக்கும் ஒலியால் மட்டுமே உறவு.

இனிப் பாத்திரக் கலாய், அதாவது பாத்திரத்தின் உள்ளே வெள்ளீயம் பூசுவது. கலம் என்பதோடு ஆய் சேர்ந்தால் மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும்: கலவாய் என்றாகும். மரம் + அடி மரவடி ஆவதுபோல. நன்னூல் படித்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆய்தலும் கீரை ஆய்தல், நூல் ஆய்தல் என்று பிரித்துப் பார்ப்பதே தவிர, துலக்குதல் அன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இதே சொல் அரபியில், பாரசீகத்தில், துருக்கியில், இந்தியில், தெலுங்கில், கன்னடத்தில் இருக்கிறது. போர்த்துகீசியரும் ‘கலாயிம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். 1886-இல் வெளிவந்த யூல், பர்னெல் இருவரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இதற்குத் தனிப் பதிவு தந்திருக்கிறது. இத்தனை மொழிகளும் நம் சமையற்கட்டிலிருந்து கலத்தை ஆயக் கற்றுக்கொண்டன என்பது நடவாத காரியம்.

சொல்லை விட்டு ஒரு கணம் பொருளைப் பாருங்கள். தெருமுனையில் சிறு குழி வெட்டி, கரியிட்டு, துருத்தியை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கலாய்க்காரரை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பித்தளைத் தவலையை மணல் போட்டுத் தேய்த்து, கனலில் கவிழ்த்துச் சுடவைப்பார். உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை மூக்கைத் துளைக்கும். வெள்ளீயக் குச்சியை ஒரு தொடு தொட்டதும் அது உருகி ஒரு சொட்டாய் நிற்கும். பஞ்சுச் சுருளால் ஒரே சுழற்றாகச் சுழற்றுவார். மஞ்சள் பித்தளை ஒரு நொடியில் வெள்ளியாகிவிடும். தொட்டித் தண்ணீரில் ‘சுர்’ரென்று அமிழ்த்தி எடுத்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு அதில் புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறாது. முழுக்க வெள்ளீயத்தாலேயே ஆன ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றுவதில்லை. நீரை ஊற்றிய பிறகே ஏற்றுவார்கள். 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் உலோகம் அது.

நாம் ஈயம் என்ற ஒரே பெயரால் இரண்டு உலோகங்களைச் சுட்டி, நிறத்தால் பிரித்தோம்: வெள்ளீயம், காரீயம். ரோமர்களும் அப்படித்தான் செய்தார்கள். அரபியர் ‘ரசாஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, நிறத்தால் மட்டுமன்றி ஊராலும் பிரித்தார்கள். வெள்ளீயம் ‘ரசாஸ் அல்-கலஈ’: கலா என்ற ஊரிலிருந்து வரும் ஈயம். 9-ஆம் நூற்றாண்டு நிலநூலார் இப்னு குர்தாத்பே அந்த ஊரில் ஈயச் சுரங்கம் உண்டு என்று எழுதினார். 851-ஐச் சேர்ந்த அரபிக் கடல்வணிகக் குறிப்புகளில் சீனத்துக்குப் போகும் வழியில் கலாபார் என்ற துறை வருகிறது. இங்கே ஊர்ப்பெயரே பண்டப்பெயராய் நின்றது உறுதியாகத் தெரிகிறது. அரபியில் ‘கல்அ’ என்றால் கோட்டை. அதிலிருந்து வந்தது என்பார் உண்டு. கோட்டையில் ஈயம் விளையாது.

ஈயம் எங்கே விளையும் என்பதைச் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் கேட்பதே இல்லை. அதைப் பாறையிடம்தான் கேட்க வேண்டும்.

மலாய்த் தீபகற்பத்தின் முதுகெலும்பு ஒரு கிரானைட் மலைத்தொடர். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்டபோது, பூமியின் ஓடு தடித்து, அடியில் கிடந்த பழைய வண்டல்பாறைகள் உருகிக் குழம்பாயின. அந்த வண்டலில் கரிப்பொருள் கலந்திருந்ததால் குழம்பில் ஆக்சிஜன் குறைவு. இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் வெள்ளீயம், டைட்டானியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துகொண்டு, முதலில் உறையும் கனிமங்களுக்குள்ளேயே சிதறிவிடும். ஆக்சிஜன் குறைந்த குழம்பில் அதற்கு எந்தப் படிகத்திலும் எளிதில் இடம் கிடைப்பதில்லை. பெல்ஸ்பார் உறைகிறது, குவார்ட்ஸ் உறைகிறது, மைக்கா உறைகிறது. ஈயம் வெளியே நிற்கிறது. கிரானைட்டுகளை இப்படி இரு வகையாகப் பிரித்துக் காட்டியவர் ஜப்பானின் ஷுன்சோ இஷிஹாரா; ஆண்டு 1977. பூமியோட்டில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 2 பங்கே உள்ள உலோகம், எஞ்சிய குழம்பில் மேலும் மேலும் செறிகிறது. நீரும் புளூரினும் போரானும் அந்த மிச்சத்தில்தான் சேர்கின்றன. கடைசியில் இந்தச் சூடான சாறு பாறையின் உச்சியை வெடிக்கச் செய்து, பிளவுகளில் ஏறி, குவார்ட்ஸ் நரம்புகளில் காசிட்டரைட்டாக உறைகிறது. அதுவே வெள்ளீயத்தின் தாது. எதற்கும் பொருந்தாமல் ஒதுங்கி நின்ற நயோபியம், டாண்டலம் போன்ற அரிய உலோகங்களும் அதே கடைசிச் சாற்றில்தான் வந்து சேர்கின்றன.

பிறகு மழையின் வேலை. வெப்பமண்டல மழையில் பெல்ஸ்பார் வெண்களிமண்ணாய்க் கரைந்து போகும். காசிட்டரைட் கரையாது, நீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு கனம். மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆகவே ஓடை மணலை அடித்துப் போனாலும் ஈயம் அடியில் தங்கிவிடும். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டிருப்பார்கள். அதே சுண்ணாம்புப் பாறை கிந்தா பள்ளத்தாக்கின் தரைக்கு அடியிலும் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது. அந்தப் பள்ளங்களில்தான் ஈய மணல் சிக்கிக்கொண்டது. பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, ‘டூலாங்’ என்னும் மரத்தட்டைச் சுழற்றி அதை அரித்தெடுத்தார்கள். கழித்துப் போட்ட கனமணலுக்கு மலாயில் ‘அமாங்’ என்று பெயர். மோனசைட், செனோடைம், கொலம்பைட் போன்ற அரிய உலோகத் தாதுக்கள் அந்தக் கழிவில்தான் இருந்தன. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. மலேசியத் தமிழர் ‘ஈயக்குட்டை’ என்னும் நீர்நிலைகள் அந்தக் குழிகளே.

தமிழகத்தில் பாறைக்குக் குறைவில்லை. ஈயம் மட்டும் ஏன் இல்லை? கருங்கல் என்று நாம் அடையாளம் சொல்வது எல்லாம் கிரானைட் அன்று. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ளது சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லாய்க் கிடந்து, அவர் பெயரையே பெற்ற பாறை. மிக ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர் வற்றிய நிலையில் உருவானது. நீர் இல்லையேல் கடைசிச் சாறும் இல்லை, ஈயமும் இல்லை. ஆதிச்சநல்லூரில் வெண்கலம் கிடைத்திருக்கிறது. அதற்குரிய வெள்ளீயம் வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும். முசிறித் துறையில் மேற்கிலிருந்து வெள்ளீயம் இறங்கியதை முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் பதிவு செய்கிறது. வங்கம் என்றால் ஈயம், வங்கம் என்றால் கப்பலும்தான். ஈயம் கொண்டுவந்ததால் கப்பலுக்கு அப்பெயர் என்று ஒரு கட்டுரை படித்தேன். ஆசை நல்லது; சான்று இல்லை.

அரபியர் சொன்ன கலா எந்த ஊர்? இனிக் கடாரத்துக்கு வருகிறேன். பட்டினப்பாலை சொல்லும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரைத்தார். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரத்தைச் சொல்கிறது, ஆனைமங்கலச் செப்பேட்டில் கிடாரம், வடமொழியில் கடாஹம், இன்று கெடா. அரபியர் வாயில் இதுவே கலா ஆகியிருக்க வேண்டும். டகரம் ளகர, ழகரங்களோடு மாறுவது நமக்குப் புதிதா? கருடன் கருளன் ஆனான். சோழரைத் தெலுங்கர் சோடர் என்றனர். நாழிகை வடக்கே நாடிகை. காழகம், கடாஹம், கலா மூன்றையும் ஒன்றாய் வைத்துப் பார்க்கும் தமிழ்க் காதுக்கு அங்கே ஒரே ஒலி ழகர, டகர, லகரமாய்த் திரிவது கேட்கும்.

மறுப்போர் உண்டு. கலா என்பது கெடா அன்று, இன்னும் வடக்கே தாய்லாந்தின் தக்குவா பா பக்கம் என்பர் சிலர். கிள்ளான் என்பர் வேறு சிலர். காழகத்தைப் பர்மாவில் தேடுவோரும் இருக்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும். பர்மாவில் தொடங்கி பங்கா, பெலித்துங் தீவுகள்வரை ஏறத்தாழ 2800 கிலோமீட்டர் ஓடும் ஒரே ஈயக் கிரானைட் பட்டையை விட்டு அவர்களால் வெளியேற முடியாது. அந்தப் பட்டையின் துறைகளில் தமிழும் வடமொழியும் பெயர் சொல்லி அழைத்த பெருந்துறை கடாரம்.

இன்னும் ஒன்று. தமிழில் கடாரம் என்றால் கொப்பரை. கிடாரம் என்றால் பெரிய கொப்பரை. வடமொழிக் கடாஹமும் கொப்பரையே. ஊர்ப்பெயருக்கும் கலப்பெயருக்கும் எது முன், எது பின் என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. கொப்பரைக்கு உள்ளே பூசுகிற வெள்ளைப் பூச்சுக்கும் அதே ஊரின் பெயர், அரபியரின் நாவில் திரிந்து, பாரசீகத்தையும் உருதுவையும் சுற்றிக்கொண்டு, நம் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது என்பதே நான் சொல்வது.

கலாய் அயற்சொல் என்று அகராதி குறிப்பதை நான் மறுக்கவில்லை. வந்த வழி அயல்வழி. புறப்பட்ட ஊர் கடாரம் என்றே நான் கருதுகிறேன்.