அமானிதத்தில் கை வைப்பதும் ஆளை ஏமாற்றுவதும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கட ஊரில் ஒரு சீட்டு முறிந்தது. சீட்டுப் பிடித்தவர் பத்து வருடமாக ஒரு சதம் பிசகாமல் கொடுத்து வந்த ஒரு தாய். கடைசிச் சீட்டில் சேர்ந்த சல்லியை மகனுடைய கடனுக்குக் கட்டிவிட்டார். விசாரிக்கக் கூடிய இடத்தில் ஒருவர், "இது சுத்த ஃபோர் ட்வென்டி வேல" என்றார். ஓரத்தில் இருந்த வயதான ஒருவர், "இல்ல தம்பி, இது அமானிதத்தில கை வெச்ச வேல. அது வேற, இது வேற" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். சட்டப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் அந்தப் பெரியவர் சொன்னதன் கனம் விளங்கியது.

முதலில், 420 என்பது எங்கள் நாட்டுப் பிரிவே அல்ல. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இலக்கம். 1955இல் ராஜ் கபூர் தன் படமொன்றின் பெயரிலேயே அதை வைத்தார். இலங்கையில் அதே குற்றம் 403ஆம் பிரிவில் இருக்கிறது.

இந்த இரண்டு குற்றங்களும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. பழைய ஆங்கிலச் சட்டத்தில் களவு என்றால், உடைமையாளரின் கைவசம் இருந்த பொருளை அவருடைய சம்மதமின்றி எடுப்பது. அப்படியானால் உடைமையாளரே தன் கையால் கொடுத்த பொருளுக்கு என்ன கதி? பொய் சொல்லிப் பொருளைப் பெறுவதை 1757இல் ஒரு தனிச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் நம்பி ஒப்படைத்ததை விழுங்குகிறவன் பல வேளைகளில் தப்பிக்கொண்டே இருந்தான். 1799இல் பேஸ்லி என்ற லண்டன் வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் வைப்புக்காகக் கொடுத்த பணத்தில் 100 பவுண் நோட்டு ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நோட்டு வங்கியின் கைவசம் போய்ச் சேரவே இல்லை, ஆகவே வங்கியிடமிருந்து களவெடுத்ததாகாது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஆள் தப்பினார். அதே வருடம் பாராளுமன்றம் அவசரமாகக் கையாடலுக்கு ஒரு சட்டம் போட்டது. ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வைத்த கதைதான்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மெக்காலே. அவர் தலைமையிலான ஆணைக்குழு 1837இல் வரைவை முடித்தது. அது சட்டமானது 1860இல். நடைமுறைக்கு வந்தது 1862இல். அதைப் பார்க்க மெக்காலே உயிரோடு இல்லை. அந்தச் சட்டத்தில் 405 நம்பிக்கை மோசடி, 415 ஏமாற்றுதல். முன்னதில் பொருள் நேர்மையாகவே கைக்கு வருகிறது, கெட்ட எண்ணம் பிறகு வருகிறது. பின்னதில் பொய் முதலில், பொருள் அதற்குப் பிறகு. ஏமாற்றுதலுக்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. அவுரிச் செடி தருவதாகச் சொல்லி, தரும் எண்ணமே இல்லாமல் முற்பணம் வாங்கியவன் ஏமாற்றுக்காரன். தரும் எண்ணத்தோடு வாங்கிப் பிறகு வாக்குத் தவறியவன் குற்றவாளி அல்லன். அவன்மேல் சிவில் வழக்குத்தான் போடலாம். முறிந்த எந்தக் கொடுக்கல் வாங்கலையும் விசாரிக்க உட்காருகிறவர்கள் இந்த உதாரணத்தை ஒருமுறை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் நல்லது.

குற்றவியலில் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் இருந்த இலங்கைக்கும் இதே அச்சு வந்தது. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை 1885 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதில் நம்பிக்கை மோசடி 388, ஏமாற்றுதல் 398. எங்கள் பொலிஸ் நிலையங்களில் இன்றும் புழங்குவது அந்தக் கோவைதான்.

இந்தியா தன் பழைய சட்டத்தை 2024 ஜூலை முதலாம் திகதி கைவிட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியது. 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. நம்பிக்கை மோசடி 316க்குள்ளும் ஏமாற்றுதல் 318க்குள்ளும் போயின. சாதாரண நம்பிக்கை மோசடிக்கு இருந்த மூன்று வருட உச்சத் தண்டனை ஐந்தாகவும், சாதாரண ஏமாற்றுதலுக்கு இருந்த ஒரு வருடம் மூன்றாகவும் கூடின. பழைய 420க்குரிய ஏழு வருடம் அப்படியே இருக்கிறது, இலக்கம்தான் போய்விட்டது. வரைவிலக்கணமும் பெரிதாக மாறவில்லை. அந்த அவுரிச் செடிகூடப் புதிய சட்டத்திலும் நிற்கிறது!

புதிய சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகுமுன், அந்த ஆகஸ்டில், இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குதிரைகளுக்குத் தானியம் விற்ற ஒருவர், காசு வரவில்லை என்று குற்ற வழக்குப் போட்டிருந்தார். விற்ற பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிட்டது, அதில் ஒப்படைத்தல் எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது. ஒரே சம்பவத்தில் இரண்டு குற்றமும் சேர்ந்து நிற்க முடியாது என்றது. இத்தனை காலம் கழித்தும் நீதிமன்றங்களுக்கே இந்த வேறுபாடு பிடிபடவில்லையே என்று வருந்தியது. அப்படியிருக்க, ஊர்க்கூட்டத்தில் பேசியவரை நான் எப்படிக் குறை சொல்வது?

அந்தத் தாய் சீட்டைத் தொடங்கும்போது யாரிடமும் பொய் சொல்லவில்லை. சல்லி அவர் கைக்கு வந்தது அமானிதமாக. எடுத்தது பிழை, அதை அவரே ஒப்புக்கொண்டார். நகையை விற்றும் இடியப்பம் அவித்துக் கொடுத்தும் இரண்டரை வருடத்தில் கடைசி ஆளுக்கும் திருப்பிக் கொடுத்து முடித்தார். போன தவணை ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் பக்கத்தவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்: "ஃபோர் ட்வென்டி உம்மாட ஊட்டுக்கு அடுத்த ஒழுங்கை."