ந.க. எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை

எங்க ஊர் விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது ரயில்வே ஜங்ஷன், விருத்தகிரீஸ்வரர் கோயில், அப்புறம் பீங்கான் பொம்மை. ஆனா சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களுக்கு இது மனு கொடுக்க வர்ற ஊர். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசு சான்றிதழ்னு ஏதாவது ஒண்ணுக்கு தாலுக்கா ஆபீஸ் வந்துதானே ஆகணும்? பீங்கான் உடைஞ்சா சத்தம் கேட்கும். மனு காணாமப் போனா சத்தமே கேட்காது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். அரசாங்கக் கடிதம் எதையாவது எடுத்துப் பாருங்க. மேலே 'ந.க. எண். அ3/1234/2007' மாதிரி ஒண்ணு இருக்கும் (இது சும்மா உதாரணத்துக்கு). இதுல 'அ' என்பது பிரிவு. '3' அந்தப் பிரிவில் ஒரு இருக்கை. அடுத்தது காகிதத்தின் எண், கடைசியில் ஆண்டு. அதாவது உங்க மனு எந்த மேஜையில் இருக்குன்னு அந்த எண்ணே சொல்லிடும்.

உள்ளே நடக்கிறது இதுதான். வந்த தபாலைப் பிரிச்சு தேதி முத்திரை குத்துவாங்க. பகிர்மானப் பதிவேட்டில் எண் போட்டு உரிய எழுத்தரிடம் கொடுப்பாங்க. அவர் அதைத் தன்பதிவேட்டில் ஏத்தணும். யாரிடமிருந்து வந்தது, என்ன விஷயம், யாருக்கு எழுதப்பட்டது, பதில் வந்ததா, நினைவூட்டு எப்போ போச்சு, எல்லாமே அந்த ஒரே பதிவில் இருக்கும். மேலதிகாரி அவ்வப்போது அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்துக் கையெழுத்து போடணும். நிலுவை எத்தனைன்னு கணக்கும் கொடுக்கணும். வேலை முடிஞ்சதும் கோப்பை ரகம் பிரிப்பாங்க. 'ஆர்.டிஸ்' என்றால் நிரந்தரமா வைக்கணும், 'டி.டிஸ்' என்றால் 10 வருஷம், 'எல்.டிஸ்' என்றால் சீக்கிரமே அழிச்சிடலாம். இந்த ஏற்பாட்டை ஆந்திரா பக்கம் இன்னமும் 'டாட்டன்ஹாம் முறை' என்றே சொல்றாங்க. வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸ் மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி ஒருத்தர் பெயர் அது.

ஆனா இதோட வேர் இன்னும் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனில் இருந்தாங்க, ஆட்சி நடந்தது புனித ஜார்ஜ் கோட்டையில். நன்னம்பிக்கை முனையைச் சுத்திக் கப்பல் வர மாசக்கணக்கில் ஆகும். ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகலாம். அதனால கடிதத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டாங்க, பதிலும் பத்தி பத்தியா எழுதினாங்க. கப்பல் முழுகிட்டா என்ன பண்றதுன்னு அதே கடிதத்தின் நகலை வேற கப்பலிலும் அனுப்பினாங்க. அந்தக் காகிதங்கள் இன்னிக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கு.

1801-ல் தென்னாற்காடு கம்பெனி கைக்கு வந்தது. அதுக்கப்புறம் விருத்தாசலம் விவகாரமெல்லாம் கடலூர் கலெக்டர் வழியா மெட்ராஸ் வருவாய் வாரியத்துக்குப் போச்சு. 1786-ல் ஆரம்பிச்ச அந்த வாரியம் 1980-ல்தான் கலைக்கப்பட்டது. இத்தனை பதிவேடும் எதுக்குன்னு யோசிச்சா ஒண்ணு புரியும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கண்காணிக்கத்தான். மனு கொடுத்தவர் எட்டிப் பார்க்க அதில் ஜன்னலே கிடையாது.

இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. வரி வசூலுக்காக ரயத்துகளைச் சித்திரவதை செய்யறாங்கன்னு புகார் எழுந்தபோது மெட்ராஸில் ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. அதன் அறிக்கை வந்தது 1855-ல். அடியைவிட, அடிபட்டவங்களுக்கு நியாயம் கிடைக்கறதில் இருந்த சிரமம்தான் குழுவை அதிகம் உலுக்கியது. ஏழை ரயத்து கலெக்டரைத் தேடி அவ்வளவு தூரம் போக முடியாது. கடிதம் போட்டாலோ, 'தாசில்தாரைப் பார்க்கவும்' என்ற வழக்கமான குறிப்போடு திரும்பி வரும். அவனுக்குத் தீங்கு செஞ்சதே அந்த தாசில்தார் அல்லது அவரோட ஆட்கள்தான்!

இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வரலை. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற வரியைப் பார்க்காத மனுதாரர் நம்ம ஊர்ல உண்டா? காகிதம் தொலையலை, எண்ணும் இருக்கு, பதிவேட்டில் 'முடிவு' என்றும் ஏறியாச்சு. ஆனா போய்ச் சேர்ந்த இடம் யார் மேல புகாரோ அவரோட மேஜை. பதிவேட்டைப் பொறுத்தவரை கடிதம் முடிஞ்சு போச்சு. மனுஷனோட பிரச்சினை அப்படியே இருக்கு.

ஜன்னல் திறந்தது ரொம்பத் தாமதமாத்தான். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம், 30 நாளில் பதில் தரணும்னு சொன்னது. கோப்பில் அதிகாரிகள் எழுதின குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். மனு வந்த 3 நாளில் ஒப்புகை, ஒரு மாசத்துக்குள் முடிவு என்று 2015-ல் தமிழக அரசு ஆணை (எண் 99) போட்டது. 2021-ல் 'முதல்வரின் முகவரி' துறை வந்தது. மனு எங்கே நிக்குதுன்னு இப்போ செல்போனிலேயே பார்க்கலாம்.

எல்லாம் நல்லதுதான். ஆனா கம்ப்யூட்டர் வந்தாலும் 1855-ன் கேள்வி கூடவே வருது: மனுவைக் கடைசியில் விசாரிக்கப்போறது யார்?

அதனால ஒரு சின்ன வேண்டுகோள் மக்களே. மனு கொடுத்தா ஒப்புகையும் எண்ணும் கேட்டு வாங்குங்க. 'முடிவு செய்யப்பட்டது'ன்னு பதில் வந்தா, யார் விசாரிச்சாங்க, கோப்பில் என்ன எழுதினாங்கன்னு கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஆயாவுக்காகவும் அதை நாமதான் கேட்கணும். உங்க ஊர் அனுபவம் எப்படி? சொல்லுங்க.