தண்ணுமை முதல்வனின் ஒலிச்சுவடு
நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஒலித்தட்டுக் காலமும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என அரங்கிற்குரியோரை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது. அவர்களுள் தண்ணுமையாசானுக்கு அடிகள் வகுத்த இலக்கணம் நுட்பமானது. கைத்திறன் மட்டும் அவனுக்குப் போதாது. எழுப்ப வேண்டிய ஒலியை எழுப்பவும் தணிக்க வேண்டியதைத் தணிக்கவும், எதுவும் அளவு மீறாமல் பிறரோடு இசைந்து செல்லவும் தெரிந்தவனாக அவன் இருத்தல் வேண்டும். அதனால்தான் அவன் 'முதல்வன்' என்று அழைக்கப்படுகிறான். மேனாட்டுப் பல்லியத்தின் நடுவே கோலேந்தி நிற்கும் இசை நடத்துநரின் பணியும் அடிப்படையில் இதுவே. வேற்றுமை ஒன்றுதான்: மேனாட்டு நடத்துநரின் கோல் ஒலிப்பதில்லை, தமிழகத்துப் பெரிய மேளத்தை நடத்தும் கோலோ தோலின்மீது விழுந்து முழங்குகிறது.

அந்தக் கோலை ஏந்தியவர்களுள் தலையாயவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949). பல்லிய நடத்துநர்களின் ஒலிப்பதிவுகள் உலகெங்கும் தனிக் காப்பகங்களாகப் பேணப்படும் இந்நாளில், இத்தண்ணுமை முதல்வனின் ஒலிச்சுவடு எவ்விடத்தில், எந்நிலையில் இருக்கிறது என்னும் வினா எழுகிறது. அது வரலாற்று வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவும் ஆகும்.

ஊரும் மேளமும்

நீடாமங்கலம் தஞ்சை மராத்தியர் காலத்தில் யமுனாம்பாள்புரம் என்றும் வழங்கப்பெற்ற ஊர். காவிரியின் கிளையாகிய வெண்ணாறு இவ்வூரருகே மூணாற்றுத் தலைப்பில் பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனத் தெற்கும் கிழக்கும் வயல்களுக்குச் செல்கிறது. அன்று ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர் இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் ஆகிய நான்கு திசைக் கோயில் நகரங்களுக்கும் இவ்வூரிலிருந்து எளிதிற் செல்லலாம். திருவிழாக்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில் நாகசுரமும் தவிலும் தழைத்ததில் வியப்பில்லை.

பெரிய மேளத்தில் தவிலின் இடத்தைப் பக்கவாத்தியம் என்ற சொல்லால் மட்டும் அளந்துவிட இயலாது. சுவாமி புறப்பாட்டிற்கு முன் தவிலே முதலில் முழங்கி ஊரைக் கூட்டுகிறது. அதன்பின் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்குகிறது. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்திற்கு ஒரு மல்லாரி என நடை வேறுபடும்போது, சுவாமியைத் தாங்குவோரின் காலடியையும் கூட்டத்தின் வேகத்தையும் நிறுவுவது தவிலே. நள்ளிரவு வீதியுலாவில் நாகசுரக்காரர் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும்போது, எங்கே ஒதுங்கி இடம் தருவது, எங்கே நுழைந்து ஊக்குவது என்பதை அறிவது தவிற்காரரின் மெளனம்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை, திருவீழிமிழலை சகோதரர்கள் போன்ற பெருங்கலைஞர்களுக்கு வாசித்தவர். நாகசுரக்காரரின் பெயருக்காகக் கூடிய கூட்டம் தவிற்காரரின் பெயருக்காகவும் கூடும் நிலையை ஏற்படுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். குழுவில் நிலையாக இல்லாத புகழ்பெற்ற ஒருவரைத் தனியே அமர்த்தும் 'ஸ்பெஷல் தவில்' என்னும் வழக்கு இந்த மதிப்பின் விளைவாகும்.

மூன்று நிமிடத் தட்டு

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் மேற்கொண்ட பதிவுகளோடு தொடங்கியது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை இயங்கத் தொடங்கவே, இசைத்தட்டு இந்நாட்டுப் பண்டமாயிற்று. 1930களில் சென்னையில் ஏ. வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. எச்.எம்.வி., கொலம்பியா ஆகிய நிறுவனங்களும் தென்னாட்டுக் கலைஞர்களைத் தேடி வந்தன.

அரக்கினால் ஆன அந்தத் தட்டு நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். கீர்த்தனைக்கு அது குறுகிய இடம். தவிலுக்கு இடமே இல்லை எனலாம். இராகத்தைச் சுருக்கினாலும் அதன் முகத்தைக் காட்டிவிட முடியும். ஆனால் தவிலின் தனியாவர்த்தனம் காலத்தால் கட்டப்படும் கட்டடம். ஒரு கணக்கை நிறுவி, அதைக் குலைத்து, மீண்டும் கூட்டி, எதிர்பாராத இடத்தில் முத்தாய்ப்பில் இறக்குவதற்கு நேரம் வேண்டும். அந்நேரத்தை எத்தட்டும் தரவில்லை.

தொழில்நுட்பமும் தவிலுக்குப் பகையாய் இருந்தது. 1925இல் மின்வழிப் பதிவு வரும்வரை, ஒலியைக் கூம்பு வடிவக் குழாய் ஒன்றே வாங்கிற்று. உரத்த முழவொலி ஊசியைத் தன் பள்ளத்திலிருந்து எற்றிவிடும் என்பதால் முழவுகளைக் குழாய்க்குத் தொலைவில் வைப்பது உலகெங்கும் வழக்கமாய் இருந்தது. மின்வழிப் பதிவு வந்தபின் நிலை திருந்திற்று. ஆயினும் நான்கு வீதிகளின் வெளிக்கென்று உருவான கருவியைச் சிறிய பதிவறை வாங்கிக்கொண்ட விதம் வேறு. விரற்கூடு அணிந்த வலக்கையின் நுண்சொற்களும் கழியேந்திய இடக்கையின் அதிர்வும் தட்டில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இத்துடன் பெயர்ச் சிக்கலும் சேர்ந்தது. பல தட்டுகளின் ஒட்டுத்தாளில் நாகசுரக் கலைஞரின் பெயர் பெரிதாக அச்சாயிற்று. ஏனையோர் 'பார்ட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்தனர். பட்டியல்கள் ஒட்டுத்தாளைப் பார்த்தே எழுதப்படும். எனவே தவிற்காரரின் பெயரைக் கொண்டு தேடுவோர்க்குப் பட்டியல் விடை தருவதில்லை. ஒலி இருக்கிறது, ஒலித்தவரின் பெயர் இல்லை.

பெர்லினும் தஞ்சையும்

ஜெர்மானிய இசை நடத்துநர் வில்ஹெல்ம் புர்ட்வாங்லர் (1886–1954) மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு எட்டாண்டு மூத்தவர். அவர் தலைமை தாங்கிய பெர்லின் பில்ஹார்மோனிக் குழு, 1913இல் ஆர்தர் நிகிஷ் நடத்த, பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தது. அதற்கு எட்டுத் தட்டுப் பக்கங்கள் தேவைப்பட்டன. குறுகிய தட்டின் துன்பம் பெர்லினுக்கும் பொதுவே என்பதை இது காட்டும்.

ஆனால் வரலாறு அங்கே வேறு திசையில் திரும்பிற்று. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காந்த நாடாப் பதிவுக்கருவி அறிமுகமானது. அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானிய வானொலி நீண்ட நிகழ்ச்சிகளை இடைவெளியின்றி நாடாவில் ஏற்றியது. போர்க்காலத்தில் புர்ட்வாங்லர் நடத்திய கச்சேரிகள் அவ்வாறே பதிவாயின. போர் முடிவில் சோவியத் படையினர் அந்நாடாக்களை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே அவை தட்டுகளாக வெளிவந்தன. 1980களின் இறுதியில் பிரதிகள் பெர்லின் வானொலிக்குத் திரும்பின. கைப்பற்றப்பட்டு நாடு கடந்தும் அவ்வொலி அழியவில்லை. ஒலிப்பதிவையே ஏற்க மறுத்த செர்ஜியு செலிபிடாக்கேயின் (1912–1996) கச்சேரிகளும், வானொலி பதிந்து வைத்திருந்தமையால், அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தன.

தமிழகத்தில் சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. நாகசுர இசை நேரடியாக ஒலிபரப்பாயிற்று. ஒலிபரப்பான அக்கணமே காற்றிற் கலந்தும் போயிற்று. காந்த நாடா இந்நாட்டு வானொலி நிலையங்களில் பரவியது 1950களில். மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இல் மறைந்தார். தட்டின் காலம் அவருக்கு இடம் தரவில்லை. நாடாவின் காலத்திற்கு அவர் இல்லை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரு கலைஞர்களில் ஒருவருக்குக் காப்பகமும் மற்றவருக்குக் கேள்விச் செய்தியும் வாய்த்ததற்குக் காரணம் கலையின் ஏற்றத்தாழ்வு அன்று. ஒரு கருவி எந்த நாட்டிற்கு எந்த ஆண்டில் வந்தது என்பதே.

மனிதக் காப்பகம்

ஆயினும் தவிலுக்கு வேறொரு காப்பகம் இருந்தது. அது குருகுலம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை (1910–1964) தவிலின் அடுத்த தலைமுறைக்குத் தலைமை தாங்கினார். அவரிடம் பயில ஈழத்து அளவெட்டியிலிருந்து வந்தவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975). தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு நாடாக்களிற் கிடைக்கிறது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. நீடாமங்கலத்தில் பதிவாகாத ஒலி, நாச்சியார்கோயில் வழியாகக் கடல் கடந்து, அளவெட்டிக் கலைஞரின் கைகளில் ஓரளவேனும் பதிவாயிற்று எனக் கொள்ளலாம்.

ஆனால் வழிவந்த ஒலி மூல ஒலி ஆகாது. சீடர் குருவைப் படியெடுப்பதில்லை. குருவிடமிருந்து விலகியே வளர்கிறார். மேலும் கருவியே மாறிவிட்டது. உச்சச் சுருதியில் ஒலித்த திமிரி நாகசுரத்தின் இடத்தை, ராஜரத்தினம் பிள்ளையின் முயற்சியாலும் நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைத்திறனாலும் உருவான பாரி நாகசுரம் பெற்றது. அதற்கேற்பத் தவிலின் ஒலியும் மாறிற்று. வாரால் இறுக்கிய தவில் இன்று இரும்புப் பட்டையாலும் திருகாணியாலும் இறுக்கப்படுகிறது. ஆகவே பழைய தட்டுகளில் எஞ்சியிருக்கும் சில நிமிடங்கள், எவ்வளவு மங்கலாயினும், மாற்றிலாச் சான்றுகள்.

அச்சான்றுகளைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தட்டு சுழலும் வேகம் சற்றே மாறினாலும் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும். ஒரு தட்டை வேகமாக ஓட்டிக் கேட்டுவிட்டு, அக்காலத்தார் துரித காலத்தில் வாசித்தனர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். எந்த வேகத்தில் ஓட்டிப் படியெடுக்கப்பட்டது என்ற குறிப்பின்றி வழங்கும் படிகள் ஆய்வுக்கு உதவா.

செய்யத்தக்கது

தவிற்கலை வரலாற்றின் பெரும்பகுதி நினைவிலிருந்து மீட்கப்பட்டது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகனாகிய ஆய்வாளர் பி. எம். சுந்தரம் எழுதிய 'மங்கல இசை மன்னர்கள்' என்ற நூல் நாகசுர, தவிற் கலைஞர்களின் வாழ்க்கையைத் திரட்டித் தந்திராவிடில் பல பெயர்கள் மறைந்திருக்கும். பெயர்களுக்கு ஒரு நூல் கிடைத்தது போல் ஒலிகளுக்கும் ஒரு தொகுதி வேண்டும்.

அதற்கான பொருள் பெருங்காப்பகங்களில் மட்டும் இல்லை. 1970களுக்குப் பின் கேசட் கருவி சிற்றூர்களுக்கு வந்தபோது, திருமணங்களிலும் திருவிழாக்களிலும் மேளம் மணிக்கணக்கிற் பதிவாயிற்று. மூன்று நிமிட எல்லையைத் தாண்டிய அப்பதிவுகளே தவிலின் முழு உருவத்தைக் காட்டவல்லவை. அவை இன்று பரண்களில் ஈரமும் பூஞ்சையும் பற்றிக் கிடக்கின்றன. அவற்றைப் படியெடுக்கும்போது ஊர், நாள், நிகழ்ச்சி ஆகியவற்றோடு நாகசுரக் கலைஞர் இருவர், தவிற் கலைஞர் இருவர், ஒத்து, தாளம் வைத்தவர் எனக் குழுவினர் அனைவரின் பெயரையும் கேட்டெழுதுதல் இன்றியமையாதது. அப்பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.

இப்பணி இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று, கவிஞர்க்கும் உரியது. தவிற்காரர் வாசிக்குமுன் வாயாற் சொல்லிப் பழகும் சொற்கட்டு, பொருளை நீக்கிய தூய சந்தம். அருணகிரியாரின் சந்தத்தை வியப்போர், அச்சந்தத்திற்கு உறவான ஒரு வாய்மொழி இலக்கியம் எழுதப்படாமலே போவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. இளங்கோவடிகள் அரங்கில் நின்ற தண்ணுமையாசானைக் கவிஞனுக்கு அடுத்த இடத்தில் வைத்தார். அடுத்து நின்றவரின் பெயரைக் குறித்து வைக்கும் கடமை கவிஞனைச் சேர்ந்ததே.