உயிரறவியல்

உயிர் + அறம் + இயல். மருத்துவத்திலும் உயிரியல் ஆய்விலும் எது தகும், எது தகாது என்று ஆராயும் துறை. மெய்யியல் முதுகலையை ஒட்டிப் படிப்பவர்கள் உண்டு. இதைக் குறிக்கும் ‘பயோ-எத்திக்’ என்ற சொல்லை 1927இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் யார் (Fritz Jahr) என்பவர் எழுதினார். 1970களில் அமெரிக்காவில் அச்சொல் பரவியது.

தமிழில் ‘உயிர்த்தல்’ என்பதற்கு மூச்சுவிடுதல் என்றும் பொருள். ரிஷிவந்தியம் பக்கம் இன்றும் “மூச்சு நின்னுடுச்சு” என்றால் சாவு. சிக்கல் அங்கேதான். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. மருத்துவரோ மூளைச்சாவு என்கிறார். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது இறப்பே. நான்கு மருத்துவர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

2008இல் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்த பெற்றோர் மருத்துவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தாய்க்கு, கையெழுத்துக் கேட்கும் முன், மூளைச்சாவும் இறப்பே என்பதை எந்தச் சொற்களில் சொல்வது? இத்துறையின் பாடமும் விவாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பது பெருங்குறை. இதைத் தமிழில் படித்தவர்கள் அந்தப் படுக்கையருகே நின்றாக வேண்டும்.