வரிக்குதிரை சோகமாக இருக்கிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை யாங்கூனில் உள்ள பகதூர் ஷா ஸஃபர் தர்காவுக்குக் கூட்டிப்போனேன். கடைசி முகலாயப் பேரரசர் அவர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் டெல்லியிலிருந்து இங்கே நாடுகடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அன்று இங்கேயே இறந்தார். இடம் தெரியாதபடி புதைத்துவிட்டார்கள். 1991-இல்தான் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது.

திரும்பும்போது, அவருடைய முன்னோர் ஜஹாங்கீர் காலத்து நீர்வண்ண ஓவியம் ஒன்றைப் போனில் காட்டினேன். 1621-இல் உஸ்தாத் மன்சூர் வரைந்த வரிக்குதிரை. இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காடு இல்லை, கூட்டம் இல்லை. வெறும் பின்னணியில் கட்டிப்போட்ட ஒற்றை விலங்கு.

"மாமா, இது சோகமா இருக்கா?"

"ஆமா" என்றேன், யோசிக்காமல்.

இரவில் அந்தப் பதில் உறுத்தியது. என் ஐடி வேலையில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் லாக் பார்ப்போம், ஊகமெல்லாம் பிறகுதான். இந்த ஓவியத்துக்கும் லாக் உண்டு. அபிசீனியாவிலிருந்து துருக்கியர்கள் கொண்டுவந்த கோவேறு கழுதை என்று ஜஹாங்கீர் தன் கைப்படவே அதில் எழுதியிருக்கிறார். வரிக்குதிரை என்ற பெயரே அவருக்குத் தெரியாது! உடம்பில் யாரோ கோடு வரைந்துவிட்டார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டதையும், சோதித்துப் பார்த்ததையும் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். இவ்வளவு அபூர்வமானதை ஈரான் மன்னர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பவும் முடிவு செய்தார்.

ஆக, பதிவாகியிருப்பது மனிதர்களின் வியப்பு. மன்சூர் ஒவ்வொரு கோட்டையும் பொறுமையாகத் தீட்டியதில் அவருடைய கவனம் தெரிகிறது. வரிக்குதிரைக்கு என்ன தோன்றியது என்று ஒருவரும் எழுதவில்லை. கடல் தாண்டி வந்த விலங்கு பயந்திருக்கலாம். ஆனால் அது நம் ஊகம். ஓவியத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது.

தம்பி தங்கைகளே, பழைய படத்தைப் பார்த்து மனம் கலங்குவது தப்பில்லை. அந்தக் கலக்கம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: விலங்கிடமிருந்தா, வரைந்தவரிடமிருந்தா, உங்களிடமிருந்தா?

மறுநாள் அவளிடம் சொன்னேன்: "அது சோகமா இருந்துச்சான்னு தெரியலம்மா. கல்லறையைப் பாத்துட்டு வந்த நான்தான் சோகமா இருந்தேன்."

"ராஜாவுக்காகவா?"

"இல்ல, எங்க தாத்தாவுக்காக" என்றேன். கப்பலேறி ரங்கூன் வந்தவர்; ஊர் திரும்பாமலே இங்கே இறந்தவர். அவரைப் பற்றி அவளிடம் நான் பேசியது அன்றுதான்.